இருக்கைகளுக்கு அடியில் நாத்தனார்

அந்த உள்ளரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் அவளை ரிமோட் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லித் தேடினால் வாசல் காவலாளிக்கே ஆள் தெரியாது. கழுத்தில் ஒரு வார், வாரின் நுனியில் செங்கல் அளவுக்கு ஒரு மஞ்சள் பெட்டி, பெட்டியிலிருந்து சுவருக்கு ஓடும் கறுப்பு வயர். வயரும் பெட்டியுமாக அவள் நடந்து வந்தால் மற்றவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள்.

தலைநகரத்தின் நடுவே, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி நின்ற கட்டடம் அது. ஒரு வாரம் கூடைப்பந்து, அடுத்த வாரம் பாட்டுக் கச்சேரி, நடுவில் மல்யுத்தம், என்றாவது ஒரு கட்சி மாநாடு. ஆட்டம் என்றால் ஜனம் தரையை ஒட்டி நெருங்கி உட்கார வேண்டும். கச்சேரி என்றால் அதே தரையில் மேடை போட வேண்டும், நின்று ஆட இடம் வேண்டும். அதற்காகத் தரைத்தளத்து இருக்கைகளை நகரும்படி செய்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் முன்வரிசை பின்னால் போய் அடுத்த வரிசைக்கு அடியில் நுழையும். அதுவும் இதுவும் சேர்ந்து அதற்கடுத்த வரிசைக்கு அடியில் நுழையும். இழுப்பறையைத் தள்ளி மூடியது போல மொத்தமும் சுவருக்குள் போய்விடும். வெளியே இழுத்து விட்டிருக்கும்போது படிகளுக்கு அடியில் இரும்புச் சட்டங்களின் நடுவே ஒரு ஆள் குனிந்து நடக்கலாம். உள்ளே தள்ளிய பிறகு பூனைகூட நுழைய முடியாது.

அந்தப் பொத்தான்தான் அவள் கழுத்தில் தொங்கியது.

முன்பு அவள் ஆயத்த ஆடை ஃபாக்டரி ஒன்றில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். ஃபாக்டரியை மூடியதும் வீட்டில் சும்மா இருந்தவளை இங்கே கூட்டிவந்து சேர்த்துவிட்டது அவளுடைய நாத்தனார், அதாவது கணவனின் அக்கா. துப்புரவுப் பிரிவில் நாத்தனார் வைத்ததுதான் சட்டம். "என் தம்பி பொண்டாட்டி. வேலை சுத்தமா இருக்கும். வாய்தான் கொஞ்சம் கம்மி, அதுக்கும் சேத்து நான் பேசிக்கிறேன்," என்று மேனேஜரிடம் அறிமுகம் செய்து வைத்தாள். கொஞ்ச நாள் இருவரும் சேர்ந்தே படிகளுக்கு அடியில் புகுந்து பாப்கார்னும் காகிதக் கோப்பையும் கூட்டி அள்ளினார்கள். ஒரே பஸ்ஸில் வந்தார்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள். பிறகு இருக்கைப் பொத்தானை அழுத்திவந்த பழைய ஆபரேட்டர் வேலையை விட்டுப் போக, அவசரப்படாத ஆளாக வேண்டும் என்று மேனேஜர் தேடியபோதும் நாத்தனார்தான் முன்னால் வந்து நின்றாள். "இவளை அவசரப்படுத்தவே முடியாது சார். கல்யாணத்தன்னிக்கே புடவை கட்ட இவ எடுத்த நேரத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு பந்தி சாப்பிட்டு எந்திரிச்சிட்டோம்."

அவ்வளவு ஒட்டும் உறவுமாக இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் நாத்தனாரின் மகள்.

அந்தப் பெண் கல்லூரி விட்டதும் அம்மாவைப் பார்க்க அரங்கத்துக்கு வருவாள். ஊர் ஊராகக் கச்சேரிக் குழுவோடு சுற்றும் விளக்குக்காரன் ஒருவன் அங்கே அவள் கண்ணில் பட்டான். விஷயத்தை அத்தையிடம் மட்டும் சொன்னாள். "அம்மாகிட்ட நானே சொல்றேன் அத்தை. நீங்க வாயைத் திறக்காதீங்க." அத்தை திறக்கவில்லை. குழு ஊரை விட்டுப் போனால் இதுவும் போய்விடும் என்று நினைத்தாள். குழு போனது, பெண்ணும் சேர்ந்து போய்விட்டாள். தம்பி மனைவிக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பது தெரிந்த அன்று நாத்தனார், ரிமோட்டின் வீட்டு வாசலில் வந்து நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "என்கூட ஒரே பாக்ஸில தின்னுக்கிட்டே மறைச்சிருக்க." அதன் பிறகு முகம் பார்க்கவில்லை. ரிமோட்டும் ஒரு முறை மன்னிப்புக் கேட்கப் போய், கதவு திறக்காததால் திரும்பி வந்து, அத்தோடு விட்டுவிட்டாள். வாய் கம்மி என்றாலும் வீம்புக்குக் குறைச்சல் இல்லை. அவள் கணவன், அக்காவும் பொண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்துவிட்டு இரண்டு வெவ்வேறு பஸ்ஸில் வீடு திரும்பும் கூத்தைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அதைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டான்.

வீட்டில் பேசாமல் இருக்கலாம், வேலையில் முடியாது. இருக்கைகளை உள்ளே தள்ளுவதற்கு முன்னால், அடியில் பெருக்கி முடித்த துப்புரவுத் தலைவி வெளியே வந்து, ஆபரேட்டரின் எதிரே நின்று, "காலி" என்று வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் மஞ்சள் பெட்டியில் செருகிய சாவியைத் திருப்ப வேண்டும் என்பது விதி. இந்த இருவருக்காக அந்த விதி கொஞ்சம் வளைந்தது. நாத்தனார் வெளியே வந்து தரை விரிக்கும் நெட்டையனிடம் சொல்வாள். நெட்டையன் கையைத் தூக்குவான். ரிமோட் சாவியைத் திருப்புவாள். நெட்டையனுக்கு எல்லோரும் தூதர் என்று பட்டம் கட்டினார்கள். "ரெண்டு நாட்டுக்கும் நடுவுல நான் ஒருத்தன் இல்லேன்னா போர் மூண்டுடும்," என்று அவனும் சொல்லிச் சிரிப்பான். அதில் ஆபத்து இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

அன்று காலையில் பெண்கள் வாலிபால் இறுதி ஆட்டம், மாலையில் கச்சேரி. ஆட்டம் ஐந்தாவது செட் வரை இழுத்துக்கொண்டு போனதால் நடுவில் இருந்த நேரம் பாதியாகிவிட்டது. பரிசளிப்பு முடிவதற்குள்ளேயே கச்சேரிக்காரர்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வலை கழற்றுகிறவர்கள், தரை சுருட்டுகிறவர்கள், மேடைக் குழாய் தூக்குகிறவர்கள் என்று ஒருவர் காலை ஒருவர் மிதிக்காத குறை. மேடை எழும்புவதற்கு முன்பே ஒரு மூலையில் டிரம்ஸை வைத்து ஒலி சோதிக்கத் தொடங்கினார்கள். வெளியே மாலைக் கூட்டம் மதியத்திலிருந்தே வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

மேற்குப் பக்கத்து இருக்கைகளுக்கு அடியிலிருந்து நாத்தனாரும் அவளுடைய ஆட்களும் வெளியே வந்தார்கள். வந்து எண்ணிப் பார்த்தபோது ஒரு வாளி குறைந்தது. வாளி உள்ளே நசுங்கினால் இருக்கைகளின் சக்கரம் வளையும், பழி துப்புரவுப் பிரிவின் தலையில் விழும். நாத்தனார் துடைப்பக்கட்டையோடு மறுபடி உள்ளே குனிந்தாள். குனிவதற்கு முன் நெட்டையனைத் தேடினாள். தூரத்தில் மேடைக்காரர்களுக்கு நடுவே அவன் தலை தெரிந்தது. "உள்ள போறேன், இரு," என்று கத்தினாள். டிரம்ஸ் சத்தத்தில் அது அவள் காதுக்கே கேட்டிருக்காது. அதே சமயம் மேடைப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட, இதோ வருகிறேன் என்று நெட்டையன் கையைத் தூக்கினான்.

ரிமோட் அந்தக் கையைப் பார்த்தாள். தலையை இடப்பக்கம் திருப்பியிருந்தால் நாத்தனாரின் முதுகையும் பார்த்திருப்பாள். ஆனால் அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. கழுத்தே அப்படி ஆகிவிட்டிருந்தது. சாவியைத் திருப்பினாள். எச்சரிக்கை மணி பீப் பீப் என்று அடித்தது. டிரம்ஸ் அதை விழுங்கிவிட்டது. பொத்தானை அழுத்தினாள். முன்வரிசை நகர்ந்தது.

வரிசைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நுழைந்துகொண்டிருந்தன. கொஞ்சம் போனதும் ஒரு பக்கம் தயங்கி, மறுபக்கம் முந்தி, முழு வரிசையும் கோணலானது. என்னவென்று அவள் எட்டிப் பார்த்தாள். இரண்டு இருக்கைப் பகுதிகளுக்கு நடுவே இருந்த சந்திலிருந்து ஒரு துடைப்பக்கட்டை மேலே வந்தது. வந்து இங்கும் அங்கும் ஆடியது.

கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டாள். எடுத்தது அவளுக்குத் தெரியவில்லை. எடுக்கவில்லையோ என்று பெட்டியையே கழற்றித் தரையில் போட்டாள். துடைப்பக்கட்டை மெல்லச் சாய்ந்து உள்ளே விழுந்தது.

"நிறுத்து," என்று கத்தினாள். எல்லாம் ஏற்கெனவே நின்றிருந்தது. டிரம்ஸ்காரன்தான் நிறுத்தவில்லை. நெட்டையன் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தான். அதன் பிறகு அவ்வளவு பெரிய கட்டடத்தில் பீப் பீப் என்ற மணி மட்டும் கேட்டது. மேனேஜர் வந்து சாவியைத் திருப்பி அதையும் அடக்கினார். அப்போதுதான் உள்ளேயிருந்து முனகல் வந்தது.

"யாரு உள்ள?" என்றார் மேனேஜர்.

"எங்க அண்ணி," என்றாள் ரிமோட்.

டார்ச் அடித்துப் பார்த்த நெட்டையன் முகம் வெளுத்து எழுந்தான். நகர்ந்து வந்த சட்டத்துக்கும் நின்ற சட்டத்துக்கும் நடுவில் நாத்தனாரின் ஒரு கால் தொடைவரை சிக்கியிருந்தது. இடுப்புக்கு மேலே தப்பித்துவிட்டது. ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

"திருப்பி வெளிய எடு, சட்டுனு வெளிய எடு," என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ரிமோட்டும் குனிந்து பெட்டியை எடுத்துவிட்டாள். மேனேஜர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இருக்கைகளைப் பொருத்திய கம்பெனியின் டெக்னீஷியனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மோட்டாரைத் தொடாதீங்க," என்றது அந்தக் குரல். "கோணிக்கிட்டு நிக்குதுன்னு சொல்றீங்க. மோட்டார் போட்டா ஒரு பக்கம் மொதல்ல கிளம்பும், சட்டம் திருகும், காலு போயிடும். மோட்டாரையும் சக்கரத்தையும் சேத்துப் பிடிச்சிருக்கிற கிளட்ச்சை விடுவிச்சிட்டு ஆள் வச்சு கையால இழுங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா வரணும். உள்ளயிருந்து ஒருத்தர் சட்டத்தைப் பாத்துச் சொல்லணும், வெளியிலிருந்து தெரியாது."

ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் சொல்லியாயிற்று. இரண்டும் கிளம்பி, கச்சேரிக்கு வந்த கூட்டம் அடைத்த தெருவில் நின்றுகொண்டிருந்தன. சைரன் கேட்டது, நெருங்கவில்லை. கச்சேரிக் குழுவின் ஆள் ஒருவர் மெதுவாக, "ஷோ எப்போ…" என்று ஆரம்பித்தார். மேனேஜர் திரும்பிப் பார்க்காமலே, "ஷோ கெடக்கட்டும். உங்க ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, இழுக்கணும்," என்றார்.

உள்ளே போக மூன்று பேர் முன்வந்தார்கள். பக்கவாட்டில் மிச்சமிருந்த இடுக்கில் அவர்களில் ஒருவருக்கும் தோள் நுழையவில்லை. ரிமோட் பெட்டியின் வாரைக் கழற்றி, நெட்டையனின் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், பக்கவாட்டாகப் படுத்து உள்ளே நகர்ந்தாள். சட்டம் இன்னும் கொஞ்சம் அசைந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

உள்ளே எண்ணெயும் தூசியும் நாறியது. டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது அந்த வாளி, தகடாக நசுங்கி.

"யாரு?" என்றது நாத்தனாரின் குரல்.

"நான்தான் அண்ணி."

"நீ எதுக்கு வந்த? வெளிய போ. இதுக்குள்ள ஒருத்தி மாட்டுனது போதாதா?"

"பேசாம இருங்க."

"ரெண்டு வருஷமா அதைத்தானே செஞ்சேன்."

ரிமோட் வாரைத் தொடையைச் சுற்றிக் கட்டி, பல்லால் கடித்து இறுக்கினாள். நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தாள். ரத்தம் வருவது குறைந்தது, நிற்கவில்லை.

வெளியே ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது. பஸ்ஸுக்காகக் காத்திருந்த வாலிபால் பெண்கள், ஜெயித்த அணியும் தோற்ற அணியும், சீருடையோடு வந்துவிட்டார்கள். கச்சேரிக்காரர்கள் மோதிரங்களைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். மேனேஜர் கிளட்ச்சை விடுவித்தார். நெட்டையன் அவர்களை முன்வரிசை நெடுக நிறுத்தி, ஆளுக்கு ஒரு இருக்கைக் காலைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ஏற்பாடு முடியும்வரை உள்ளே செய்வதற்கு ஒன்றுமில்லை. நாத்தனாரின் கண் செருகுவதை ரிமோட் பார்த்தாள். பேச்சுக் கொடுக்க வேண்டும்.

அதற்குள் நாத்தனாரே கேட்டாள். "அவகிட்ட பேசுறியா?"

"பேசுறேன் அண்ணி. ஞாயித்துக்கிழமையில."

"நல்லா இருக்காளா?"

"இருக்கா. ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கிட்டா. ஒரு தடவை விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டா."

"ம்."

"முடியை வெட்டிட்டா."

நாத்தனார் கண்ணைத் திறந்தாள். "எவ்ளோ?"

"தோள் வரைக்கும்."

"அவ்வளவு முடியையா," என்றாள் நாத்தனார். கால் நசுங்கியபோது அழாதவளுக்கு அப்போது அழுகை வந்தது. "குளிப்பாட்டி உலர்த்தவே அரை நாளாகும் எனக்கு. கேக்க ஆளில்லாம போச்சு பாரு. நீயாவது வேணாம்னு சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். கேட்டாதானே?"

"நீ சொல்லியிருக்க மாட்ட. உனக்கு எதையுமே சொல்ல வராது."

"இன்னிக்கு நான் உங்க பக்கம் திரும்பிப் பாக்கல அண்ணி," என்றாள் ரிமோட். "திரும்பியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

நாத்தனார் ஏதோ சொல்வதற்குள் வெளியிலிருந்து நெட்டையன், "அக்கா, ரெடி. நீங்க சொல்லுங்க," என்றான்.

ரிமோட் டார்ச்சைச் சட்டத்தின் அடியில் பிடித்தாள். வாய் கம்மி என்று பேரெடுத்தவள், அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் கேட்டிராத குரலில், "மெதுவா இழுங்க," என்றாள்.

இரும்பு கீச்சிட்டது. விரல் அகலம் நகர்ந்தது. "எடதுபக்கம் முந்துது, நில்லுங்க. வலதுபக்கம் மட்டும்." நெட்டையன் அதையே உரக்கத் திருப்பிச் சொன்னான். வலதுபக்கம் கிளம்பியது, யாரோ ஒருவர் கால் வழுக்க, மற்றவர்கள் இழுத்த வேகத்தில் சட்டம் துள்ளித் திரும்பி ரிமோட்டின் தோளில் இடித்து அழுத்தியது. நாத்தனார் அலறினாள். வெளியே எல்லோரும் இழுப்பதை நிறுத்தினார்கள். யாரோ ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது.

ரிமோட்டுக்கு மூச்சு வரவில்லை. இனி ஒரு விரல் அகலம் தவறாக வந்தாலும் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. போதும், தீயணைப்பு வரட்டும் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். வார் கட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். கையெல்லாம் ரத்தம்.

"சொல்லுடி," என்றாள் நாத்தனார், கண்ணை மூடிக்கொண்டே. "அவங்க காத்துக்கிட்டிருக்காங்க. சொல்லு."

"எடதுபக்கம்," என்றாள் ரிமோட். "கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நில்லுங்க. இப்ப ரெண்டு பக்கமும்." அழுத்தம் தோளிலிருந்து விலகியது. சட்டம் நேரானது. "அப்படியே வாங்க. அப்படியே. நிறுத்தாதீங்க." இருக்கை வரிசை ஒரே சீராக வெளியே போனது. நாத்தனாரின் கால் துணி மாதிரித் தரையில் விழுந்தது. அதைத் தன் மடியில் ஏந்திக்கொண்டு, ஸ்ட்ரெச்சர் வரும்வரை ரிமோட் அசையவில்லை.

கால் பிழைத்தது. தொடை எலும்பில் தகடு வைத்தார்கள், முட்டி முன்போல் மடங்காது என்றார்கள். மகள் மறுநாள் காலை வந்து சேர்ந்தாள். நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நேர்ல பாத்தா இன்னும் குட்டையா இருக்கு," என்று தோள்வரை தொங்கிய முடியை இழுத்துப் பார்த்தாள். விளக்குக்காரன் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றான். அவனை உள்ளே கூப்பிட இன்னும் நாலைந்து நாள் ஆனது.

விசாரணை வைத்தார்கள். நெட்டையன் தன்மேல் பழியைப் போட்டுக்கொள்ளப் பார்த்தான். வேறு யாருக்கோ தூக்கிய கைக்கு அவன் என்ன செய்வான் என்று மற்றவர்கள் விடவில்லை. ரிமோட் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். "காலின்னு என் முகத்துக்கு நேரா சொல்றதைக் கேக்காம சாவியைத் திருப்பினேன் சார்." நாத்தனாரிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக் கேட்டார்கள். "அவ கேக்கலை, நான் சொல்லலை. ரெண்டு பேருக்கும் கொழுப்பு," என்றாள் அவள். அப்படியே எழுதிக்கொள்ளலாமா என்று அதிகாரி தயங்கியதற்கு, "எழுதிக்குங்க, அதான் நடந்தது," என்றாள். தூதர் முறையை இரண்டு வருஷம் கண்டுகொள்ளாமல் விட்டது தன் தவறு என்று மேனேஜரும் ஒப்புக்கொண்டார். ரிமோட்டை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அதன் பிறகு அடியில் போகிறவர் சாவியைத் தன் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று விதியை மாற்றினார்கள்.

அந்த ஒரு மாதமும் அவள் நாத்தனார் வீட்டில்தான் இருந்தாள். சமைத்துப் போட்டு, கழிப்பறைக்குத் தாங்கிக் கூட்டிப்போய், கால் பயிற்சி செய்ய வைத்தாள். கூட இருந்தார்கள் என்றாலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வலி அதிகமான நாளில் நாத்தனார், "நீ அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா என் பொண்ணு இந்த வீட்டு வாசல் வழியா கல்யாணமாகிப் போயிருப்பா," என்பாள். ரிமோட் பேசாமல் பாத்திரம் கழுவுவாள். பிறகு ஒருநாள் கையில் தட்டோடு திரும்பி, "நான் ஒரு தடவை வந்து நின்னேன். நீங்க கதவைத் திறக்கலை," என்றாள். அவள் எதிர்த்துப் பேசி நாத்தனார் கேட்டது அதுதான் முதல் தடவை. நாத்தனார், "உள்ளதான் இருந்தேன். பெல் அடிச்சது கேட்டுச்சு," என்றாள்.

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், மஞ்சள் பெட்டியைக் கழுத்தில் மாட்டிய ரிமோட், பொத்தானை இரண்டு முறை தொட்டுவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள். வேறு வேலை தருகிறேன் என்றார் மேனேஜர். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, இருக்கைகளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, ஒவ்வொரு சந்திலும் குனிந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள். தரை விரிக்க வந்தவர்கள் பொறுமையாக நின்றார்கள். எல்லா முகங்களையும் ஒருமுறை பார்த்த பிறகே அழுத்தினாள். மறுநாளும் அப்படியே செய்தாள்.

நாத்தனாரைச் சீருடை அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். கைத்தடியோடு வருகிறாள். பஸ்ஸில் ஏற இறங்க ஒரு தோள் வேண்டியிருப்பதால் இருவரும் சேர்ந்துதான் வருகிறார்கள், சேர்ந்துதான் போகிறார்கள். வழியெல்லாம் ஏதாவது ஒன்றுக்கு வாக்குவாதம். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் தொடங்கும். ஒருநாள் கண்டக்டர் பொறுக்க முடியாமல், "ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாம வரக் கூடாதா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் பாத்தாச்சு, டிக்கெட்டைக் குடுங்க," என்றாள் ரிமோட்.